போடாமல் விட்ட ஜபர்

அத்தியாயம் பதினொன்று

சுவரில் நேற்றுப் போட்ட கரிக்கோட்டை மெகருன்னிசாவின் நடுவிரல் தொட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறியது. அங்கே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஏத்து," என்றாள் சலீமா பீவி, அடுப்பங்கரை வாசலில் நின்றபடி.

"இழுக்குது மச்சி."

"இழுக்கத்தான் செய்யும். மெட்ராஸ்ல நர்சம்மா என்ன சொன்னாங்க? இழுக்கற எடத்துல நிறுத்தி பத்து எண்ணச் சொன்னாங்கல்ல? எண்ணு."

மெகருன்னிசா எண்ணினாள். ஏழுக்கு வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து சொல்லிவிட்டுத்தான் கையை இறக்கினாள். சலீமா பீவி கரித்துண்டை எடுத்துப் புதிய கோடு போட்டாள்.

ஆறு வாரங்களாகச் சிதம்பரம் லால்கான் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டில் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் இதுதான் வேலை. சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைப் படியேறுவது மாதிரி மேலே நடத்த வேண்டும். முதல் வாரம் விரல்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. இப்போது நெற்றிக்கு மேலே வந்துவிட்டன. அவள் கணவன் சட்டை மாட்டும் ஆணி இன்னும் ஒரு முழம் மேலே இருக்கிறது. அதைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம்.

"இதக் குடி," என்று சலீமா பீவி ஒரு டம்ளரை நீட்டினாள். பழுப்பு நிறத்தில் கஷாயம். நித்தியகல்யாணிப் பூவும் இலையும் போட்டு நாலுக்கு ஒன்றாகக் காய்ச்சியது. பால்காரி செல்லாயி தினம் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வந்து கொடுப்பாள். எங்கே பறித்தாள் என்று இவர்கள் கேட்பதில்லை. அந்தப் பூவுக்குச் சுடுகாட்டுப் பூ என்றும் ஒரு பெயர் உண்டு என்பதால், அவளும் சொல்வதில்லை.

மெகருன்னிசா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதெல்லாம் காலையில் தலை சுற்றுகிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற வாரம் நம்மோடு இருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் நினைவிருக்கும். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மெகருன்னிசாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கணவன் அப்துல் வதூது பினாங்கில் ஜவுளிக்கடையில் இருக்கிறான். இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் கலைந்தது. இரண்டு முறையும் ஊர் முழுக்கச் சொன்ன பிறகுதான் கலைந்தது. "இனிமே உண்டானா கையில புள்ள வர்ற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டேன், உங்ககிட்டகூட" என்று அவனிடம் அழுதிருந்தாள். போன தை மாசம் அவன் விடுமுறை முடிந்து கப்பலேறினான். ஆவணியில் அவள் வலப்பக்க மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. சென்னையில் ஆபரேஷன். புற்று என்றார்கள். மார்பையே எடுத்துவிட்டார்கள்.

கையைத் தூக்க முடியாத மெகருன்னிசாவுக்காக, வதூதின் விதவை அக்கா சலீமா பீவி தம்பிக்குக் கடிதம் எழுதினாள். அந்த வீட்டுப் பெண்கள் எழுதுவது அரபுத் தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அரபு. 'க்' எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு கோடு இழுத்தால் அது ஜபர். 'க' என்று படிக்க வேண்டும். கோட்டைக் கீழே இழுத்தால் ஜேர், 'கி'. கோட்டுக்குப் பதில் கொக்கி வளைத்தால் அது பேஷ், 'கு' ஆகிவிடும். ஒன்றுமே போடாவிட்டால் படிக்கிறவர் பாடு. தபால்காரர் வாசலில் நிற்க, சலீமா பீவி அவசர அவசரமாக எழுதினாள்: மெகருவுக்கு ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தாச்சு, நல்லபடியாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். மார்பு என்று தம்பிக்கு எப்படி எழுதுவது? எழுதவில்லை. ஜபரும் போடவில்லை.

பினாங்கில் அப்துல் வதூது அதைக் 'குட்டியை எடுத்தாச்சு' என்று படித்தான். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். தை மாசத்திலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது. மனைவி ஏன் முன்பே சொல்லவில்லை என்பதும் அவனுக்குப் புரிந்தது. கடைத்தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தான்.

அவனுடைய பதில் தமிழ் எழுத்தில் வந்தது. மெகருன்னிசாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. சலீமா பீவிதான் படித்துக் காட்டினாள். அவள் என்ன செய்தாள் என்பது சென்ற வாரம் இருந்தவர்களுக்குத் தெரியும். 'குட்டியின் கை காலைத் தொட்டுப் பார்க்கும் நாள் எப்போது என்று இருக்கிறது' என்று தம்பி எழுதியிருந்ததை, 'மெகருவின் கை காலை' என்று மாற்றிப் படித்தாள். மற்றக் குட்டிகளையெல்லாம் விழுங்கிவிட்டாள்.

ஒன்பது நாளாக மெகருன்னிசா அந்த ஒரு வாக்கியத்தில்தான் குடியிருக்கிறாள். தன்னிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று தெரிந்தும், கை காலைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவன் கப்பலேறுகிறான். வேறு என்ன வேண்டும் அவளுக்கு?

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஏழே முக்கால் பாசஞ்சரில் மெகருன்னிசாவும் நாத்தனாரும் கடலூருக்குப் புறப்பட்டார்கள். மாதம் ஒரு முறை மஞ்சக்குப்பத்தில் டாக்டர் ஞானாம்பாளிடம் காட்ட வேண்டும்.

பரங்கிப்பேட்டை தாண்டி மணல்காடு வந்தது. தண்டவாளத்தின் ஓரமாக ரோஜா நிறத்தில் நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது.

"பாரேன், இவ்வளவு மருந்து சும்மா கெடக்கு," என்றாள் சலீமா பீவி.

"மச்சி, அவுங்க வர்ற அன்னிக்கு நாகப்பட்டினத்துக்கு நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு அலையணும்? வீட்டுக்குத்தானே வரப்போறான்."

"கப்பல்லருந்து எறங்கும்போதே பாக்கணும்போல இருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நான் போனதில்ல. நீங்கள்லாம் போவீங்க, நான் வீட்ல கோழிக் கொழம்பு வச்சிக்கிட்டு இருப்பேன்."

சலீமா பீவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். கெட்ட மனசுக்காரி அல்ல அவள். வந்து நிற்கட்டும், முகத்தைப் பார்த்தால் தம்பி எல்லாவற்றையும் மறந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கைக்கும் தினமும் கஷாயம் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஞானாம்பாள் முதலில் மெகருன்னிசாவின் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். டாக்டர் எழுந்து வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"பேஷ்! ஆறு வாரத்துல இவ்வளவு ஏறினது நான் பாத்ததில்ல. கையில வீக்கமும் இல்ல. தினம் செய்யறீங்களா?"

"ரெண்டு வேள செய்யறேன் டாக்டரம்மா. சாயங்காலம் கொல்லையில நடக்கறேன். நடந்தா அது திரும்ப வராதுங்களா?"

பொய் சொல்லத் தெரியாதவர் டாக்டர்.

"அப்படின்னு நான் எழுதித் தர முடியாதும்மா. யாரும் இன்னும் ஒழுங்கா எண்ணிப் பாத்துச் சொல்லல. ஆனா படுத்தே கெடக்குறவங்கள விட நடமாடுறவங்க தெம்பா இருக்காங்க. அத என் கண்ணால பாக்கறேன். நடங்க."

பிறகு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தார். முகம் மாறியது.

"வெள்ளையணு பாதியாக் கெடக்குதே! தல சுத்துதா?"

"காலையில கொஞ்சம்."

"நான் குடுத்தது சத்து மாத்திரதான். வேற என்ன சாப்பிடுறீங்க?"

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலீமா பீவி சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். 'நித்தியகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து' என்று தலைப்பு.

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா டாக்டரம்மா. பூவுதானேன்னு..."

டாக்டர் துண்டைக் கடைசிவரை படித்தார்.

"செய்தி பொய்யில்ல. அமெரிக்காவுல இந்தச் செடியிலருந்து ஊசி மருந்து எடுத்திருக்காங்க. ரத்தத்துல வர்ற புத்துக்குப் போடுறாங்க, கேக்குதுன்னும் சொல்றாங்க. ஆனா வண்டி வண்டியா எலையக் காய வச்சி எடுத்தா ஒரு சிட்டிகதான் தேறும். அத ஆளோட எட பாத்து அளந்து போடுவாங்க. ஒவ்வொரு தடவையும் ரத்தம் பாப்பாங்க. ஏன்னா அது வெள்ளையணுவக் கொறைக்கும். நீங்க இன்னிக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கி ரெண்டு கைப்பிடின்னு கொதிக்க வச்சிருக்கீங்க. இந்தக் கட்டிக்கு அது கேக்குமான்னும் தெரியாது. அது மருந்தாவும் இல்ல, சும்மா தண்ணியாவும் இல்ல."

சலீமா பீவியின் கண் கலங்கியது. "நல்லதுன்னு நெனச்சித்தான்..."

"அது தெரியுது. ஆனா கீழ பாருங்க. வைத்தியர் சொல்லாமச் சாப்பிடுறது ஆபத்துன்னு கடைசி வரியில போட்டிருக்கு. இத ஏன் விட்டுட்டீங்க?"

சலீமா பீவிக்கு வரிகளை விட்டுவிட்டுப் படிப்பது கொஞ்ச நாளாகப் பழக்கமாகியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கே நிறுத்துங்க. அணு தானா ஏறிடும். ஏறினதும் மெட்ராஸ்ல கரண்டு வைக்கணும், எக்ஸ்ரே மாதிரி கதிர் பாய்ச்சுற வைத்தியம். ஆறு வாரம் அங்கயே தங்கணும், கூட ஒரு ஆம்பள இருந்தா நல்லது. உங்க வீட்டுக்காரர் என்னிக்கு வர்றார்?"

மெகருன்னிசாவின் முகம் மலர்ந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஏர்லெட்டரை எடுத்து நீட்டினாள்.

"தேதி இதுல இருக்கு, டாக்டரம்மா. நீங்களே பாத்துக்குங்க."

"குடு, நான் சொல்றேன்," என்று சலீமா பீவி பாய்ந்தாள். அதற்குள் கடிதம் டாக்டரின் கைக்குப் போய்விட்டது.

"நவம்பர் மூணாம் தேதி பினாங்குலருந்து கப்பல். நல்லது," என்ற டாக்டர், மேலே இருந்த வரியையும் வாய்விட்டே படித்துவிட்டார். "'குட்டியின் கை காலைத் தொட்டுப் பார்க்கும் நாள் எப்போது என்று...' குட்டியா? யாருக்குப் பொறந்திருக்கு?"

மெகருன்னிசா சிரித்தாள். "இல்லிங்க, அது மெகருன்னு இருக்கும். என் பேரு."

"மெகருன்னு இல்லம்மா. குட்டின்னுதான் போட்டிருக்கார். இதோ, 'குட்டிக்குத் தொட்டில் துணி வாங்கிவிட்டேன்.' இங்க பாருங்க, 'குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?'"

சலீமா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்த மெகருன்னிசாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மச்சி, நீங்க ஜபர் போட்டீங்களா?"

சலீமா பீவி தலையை ஆட்டினாள். இல்லை.

ஒன்பது நாளாகத் தன்னுடையது என்று நினைத்திருந்த ஆசை, பிறக்காத ஒரு குழந்தைக்கு எழுதியது. மெகருன்னிசாவுக்கு அந்தக் குழந்தையின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

"தந்தி அடிங்க," என்றார் டாக்டர் ஞானாம்பாள். "நாளைக்கே கெடச்சிடும். நான் இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன்."

"தந்தி கடைக்குத்தான் போவும் டாக்டரம்மா. கணக்கப்புள்ள பிரிச்சி சத்தமாப் படிப்பாரு. எனக்கு எத எடுத்தாங்கன்னு பினாங்கு கடத்தெரு பூரா பேசணுமா? ஒரு ஏர்லெட்டரும் பேனாவும் இருந்தாக் குடுங்க."

வலது கையை மேசைமேல் வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக மெகருன்னிசா எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று ஜபர், ஜேர், பேஷ் போட்டாள். ஒன்றையும் விடவில்லை.

'மச்சானுக்கு மெகருன்னிசா ஸலாம். என் கையால் எழுதுகிறேன். மச்சி எழுதினது குட்டி அல்ல, கட்டி. புற்றுக் கட்டி. வலப்பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். நமக்குக் குழந்தை பிறக்கவில்லை. வாங்கின துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இது கப்பலுக்கு முன்னால் கிடைத்தால், ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம். குட்டியைப் பார்க்க ஏற வேண்டாம்.'

அதற்குக் கீழே மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு மடித்து ஒட்டிவிட்டாள்.

தபாலாபீஸ் வாசலில் சலீமா பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதே மெகரு. என் தப்பு, நான் அல்லாகிட்ட பதில் சொல்லிக்கறேன். வரட்டும் அவன். வந்து உன் மொகத்தப் பாத்தா..."

"பாத்துட்டு எரக்கப்பட்டு இருக்கணுமா மச்சி? தெரிஞ்சிக்கிட்டு வரட்டும். இல்லன்னா வராம இருக்கட்டும்."

"அப்ப 'வாங்க'ன்னு ஒரு வார்த்தையாவது எழுதக் கூடாதா? எடம் இருந்துதே, பாத்தேனே!"

"கேட்டு வாங்கக் கூடாது மச்சி, அத."

மூன்று மணித் தபால் கட்டுவதற்குள் கடிதம் உள்ளே விழுந்தது. எட்டு நாளில் பினாங்கு போய்ச் சேரலாம், ஒன்பது நாளும் ஆகலாம். கப்பல் புறப்பட ஒன்பது நாள்தான் இருந்தது.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. கடலூர் முதுநகர் தாண்டியது. பிறகு மெகருன்னிசா கணவனின் கடிதத்தை எடுத்து நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"படிங்க. முழுசா. ஒரு எழுத்து விடாம."

"வேணாம் மெகரு."

"அவுங்க சந்தோஷமா எழுதினது. யாராச்சும் ஒரு தடவ முழுசாக் கேக்கணும்ல?"

சலீமா பீவி படித்தாள். கல்கண்டு கொடுத்ததைப் படித்தாள், தொட்டில் துணியைப் படித்தாள். முதலாளி சிரித்துக்கொண்டே விடுமுறை கொடுத்ததைப் படித்தாள். ஏர்லெட்டரின் ஓரத்தில், ஒட்டும் மடிப்புக்கு அடியில் குறுக்காக எழுதியிருந்த இடத்துக்கு வந்தபோது மடிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"'குட்டி யார் ஜாடை என்று எழுதவில்லையே அக்கா? மெகரு ஜாடை என்று எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே ராத்திரி கண்ணை மூடினால் அவள் முகம்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வருகிறேன். குட்டி எனக்கு ஒரு சாக்கு. முதலாளியிடம் வேறு என்ன சொல்லி லீவு கேட்பேன்?'"

"இத ஏன் மச்சி அன்னிக்கே படிக்கல?"

"அதுல குட்டின்னு வருதே," என்று சலீமா பீவி அழுதாள். "எப்படிப் படிப்பேன்?"

ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றது. மெகருன்னிசா எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

"எங்க போற? மெகரு!"

"கடலூருக்குத் திரும்பிப் போறேன். தந்தி ஆபீஸ் எத்தன மணி வரைக்கும் இருக்கும்? ஒரே ஒரு வார்த்த மச்சி. 'வாங்க'ன்னு. அதக் கடத்தெரு பூரா படிச்சாலும் பரவால்ல."

சலீமா பீவி பின்னாலேயே ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். அழுகையிலும் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அடி பைத்தியக்காரி, தந்தி நாளைக்கே போயிடும். கடுதாசி பின்னாடி போவும். அது கைக்குக் கெடைக்காமலே கப்பலேறிட்டான்னா? குட்டியப் பாக்கக் கூப்புடறேன்னுல்ல நெனச்சிக்குவான்!"

மெகருன்னிசா படியில் நின்றாள். மத்தியானம் தபாலாபீஸ் வாசலில் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. கார்டு பச்சைக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எத நெனச்சிக்கிட்டாவது வரட்டும் மச்சி," என்றாள். "எனக்கு அவுங்க வரணும்."

விசில் ஊதியது. அவள் இறங்கிவிட்டாள்.